நல்லதண்ணியும் கனடாத் தண்ணியும்

புளியங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய தில்லைநாதன் பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி அம்பலவாணனின் மகள் யதுர்ஷிகா பணிவோடு எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பாவின் சிறுநீரகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் அது உண்மையும்கூட. அம்மாவுக்கு முழங்கால் நோ மழை இருட்டினால் மட்டும்தான். குசினி வாசலில் நிற்கும் தேசிமரம் நட்ட காலம் தொட்டு ஒரு பிஞ்சுகூட வைக்காமல் முறைத்துக்கொண்டு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அது இந்த வருடம் கொப்பு முறியக் காய்த்திருக்கிறது. பெரியம்மாவுக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு அனுப்ப அம்மா போத்தல் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறா. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

வட்ஸ்அப் இருக்க இந்தப் பெட்டை ஏன் முத்திரை ஒட்டுகிறாள் என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. நான் அனுப்பும் குரலை நீங்கள் அங்கே ஸ்பீக்கரில் போடுவீர்கள், வீடு முழுக்கக் கேட்கும். நீங்கள் அனுப்பும் குரலை அப்பா இங்கே ஸ்பீக்கரில் போடுவார், ஒழுங்கை முழுக்கக் கேட்கும். போன ஞாயிறு நீங்கள், "இஞ்சை கனடாவிலை எங்கட ஊர் ஒன்றியம் முடிவெடுத்திட்டுது. தண்ணி வடிகட்டிற மிசினைக் கழட்டி ஸ்கந்தபுரத்துக்குக் குடுக்கப் போறம். எங்கட ஊருக்கு நல்லது செய்யக் கூடாது, செய்தால் எங்களைத்தான் செருப்பாலை அடிக்க வேணும்" என்று சொன்னதை வேலிக்கு அங்காலே நின்ற பசுமாடும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. அப்பா, "கொண்டு போகட்டும், ஆருக்கு வேணும்" என்றார். பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு பிளேன்ரீ கூடக் குடித்தாராம். அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனவே அப்பாவின் காதுக்கு எட்டாத ஒரே வழியான இந்தக் கடிதத்தில், மிசினைத் தூக்க வேண்டாம் என்று உங்களிடம் கேட்கப் போகிறேன். கேட்பதற்கு முன் நடந்த கூத்தெல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டது என் கையெழுத்து வடிவு என்பதற்காக மட்டும்தான். அந்தக் கையெழுத்து இன்றைக்காவது உதவட்டும்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கில் டொக்டர் அப்பாவுக்கு, "கிட்னி பழுதாகத் தொடங்குது ஐயா. இப்ப கவனிச்சால் இந்த அளவிலை நிற்பாட்டலாம். கிணத்துத் தண்ணியை விடுங்கோ" என்று சொன்னபோது பக்கத்தில் இருந்தவள் நான். அதை உங்களுக்குச் சொன்னவளும் நான். அன்றைக்கு நீங்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, டொக்டர் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் ஊர் ஒன்றியத்தில் தண்ணீர்த் திட்டம் என்று ஒன்று முளைத்தது; இராப்போசன விருந்து வைத்தீர்கள், பாட்டுக் கச்சேரி வைத்தீர்கள், பனிக்குள் கார் கழுவிக்கூடச் சேர்த்தீர்கள் என்று பெரியம்மா சொன்னா. தண்ணீர் சுத்திகரிக்கும் அந்தப் பிளான்ற் ஊருக்கு என்று வந்தாலும் ஒரு மனிதருக்காக வந்தது என்பது ஒன்றியத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பிரச்சினையே அங்கேதான் தொடங்கியதோ தெரியாது.

இனித் தெரியாததைச் சொல்கிறேன். திறப்பு விழா வீடியோவில் உங்கள் உபதலைவர் ஒரு செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, "உறவுகளே, உங்கட ஒவ்வொருத்தற்ற உழைப்பும் இந்தத் தண்ணியிலை ருசிக்குது" என்று கண் கலங்கினாரே, அந்த வீடியோவை விருந்து மண்டபத்தில் பெரிய திரையில் போட்டு எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினீர்களே, பெரியப்பா, அது பிளான்ற் தண்ணீர் இல்லை. அது எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீர்; கமரா அவருடைய முகத்தை விட்டு நகராததால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. அழைப்பிதழில் "நல்ல தண்ணீர்த் திட்டம்" என்று நீங்கள் அங்கே அச்சடித்ததுதான் வினை. ஊரை விட்டுப் போய் நாற்பது வருடம் ஆனாலும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்: மற்றக் கிணறெல்லாம் உப்புச் சவர், இது ஒன்றுதான் வாயில் வைக்கக்கூடியது, அதனால் இதற்கு நல்லதண்ணிக் கிணறு என்று பெயர், பிறகு கிணறும் தேய்ந்து வெறும் நல்லதண்ணி. உபதலைவரின் வான் சந்தியில் நின்று, "நல்லதண்ணி எங்கை?" என்று கேட்டிருக்கிறது. கேட்டால் எங்கள் சனம் வேறு எங்கே காட்டும்? சந்தியில் நின்ற அத்தனை கையும் கிணற்றடியைக் காட்டியிருக்கிறது. ஒருவர் சைக்கிளில் முன்னுக்குப் போய் வழியும் காட்டியிருக்கிறார்.

நாங்கள் பிளான்ற் வாசலில் நிறைகுடம் வைத்து, மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் காய்கிறோம். அங்கே கிணற்றடியில் ராக்காயி அக்கா தனியாக நின்று தண்ணீர் அள்ளுகிறா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவ. இங்கேயே வளர்ந்து இங்கேயே பேரன் கண்டாலும் அவவின் பேச்சு இன்னும் தேயிலைத் தோட்டத்தில்தான் நிற்கிறது. வானிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினவர்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, "வாங்க சாமி, வாங்க. ரொம்பத் தூரமா வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறா.

"ஓம் அக்கா, ரொறன்ரோவிலை இருந்து. இதுதானே நல்லதண்ணி?"

"இதேதாங்க. சுத்துவட்டாரத்தில வேற ஏது?"

"மிசின் எங்கை பூட்டியிருக்கு?"

"மிசினு எதுக்குங்க? ஒங்களுக்கு நானே எறைச்சுத் தர்றேன். இந்தாங்க, நல்லா அண்ணாந்து குடிங்க."

அவர் குடித்தார், அவருடைய மனைவி குடித்தா, வீடியோ எடுத்தவர் ஃபோனை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குடித்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது நாங்கள் பிளான்ற் குழாயைத் திறந்து கண்ணாடிக் கிளாசில் பிடித்து நீட்டினோம். உபதலைவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இல்லைத் தங்கச்சி, தொண்டை முட்டக் குடிச்சிட்டன்" என்று ரிபனை மட்டும் வெட்டிவிட்டுப் போனார். ஆகையால் இன்றைய திகதி வரைக்கும் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒருவரும் ஒன்றியத்தின் தண்ணீரைக் குடித்ததில்லை. நாங்கள் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் கண் கலங்கிய பிறகு யாருக்கு மனம் வரும்?

நல்லதண்ணி என்ற பெயர் ஏற்கெனவே ஒரு கிணற்றுக்குச் சொந்தமாகிவிட்டதால் பிளான்றுக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. சனம் கனடாத் தண்ணி என்று வைத்தது. பெயர் வைத்த கிழமையே அது உடம்புக்குக் குளிர் என்று கதை பரவிவிட்டது. ராக்காயி அக்கா தன் பேரனுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியதும் என்னைப் பிடித்து, "ஏம்மா, அந்த ஊருல பனி கொட்டுதாமே. கொஞ்சம் வெயில்ல வச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டா. நான் தண்ணீர் இந்த மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது, மிசின் அதிலுள்ள சுண்ணாம்பையும் கழிவையும் மட்டும் பிடித்து வைக்கிறது என்று விளக்கினேன். அவ முழுவதையும் கேட்டுவிட்டு, "அதான் சொல்றேன், இருந்ததையெல்லாம் எடுத்துட்டா அப்புறம் என்னா இருக்கும்?" என்றா.

அப்பாவைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. திறந்த மறுநாள் காலையில் அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, புதுத் தண்ணீர்க் கான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பிளான்றுக்கு வந்தார். அண்ணை தந்த தண்ணி என்று முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வாசலில் நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருந்தபடியே, சனம் நெரிபடாமல் வரிசையில் வருவதற்கு இரும்புக் குழாயால் வேலி மாதிரிக் கம்பி அடித்திருந்தார்கள். அப்பா அந்தக் கம்பிக்குள் கால் வைத்தார். முன்னுக்கு நின்ற சனத்தைப் பார்த்தார். கம்பியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"என்னப்பா?"

"கானை மறந்துபோய் வீட்டிலை விட்டிட்டன் பிள்ளை."

கான் அவருடைய கையில் இருந்தது. அவரும் குனிந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார். அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து, "அந்தத் தண்ணியிலை ருசியில்லை" என்று அறிவித்தார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் ருசி கண்ட ஒரே மனிதர் உங்கள் தம்பிதான். மூத்த மனிதர் சொன்னால் ஊர் கேட்கும். பின்னேரத்துக்குள் கனடாத் தண்ணியில் ருசியில்லை என்பது முடிந்த முடிவாகிவிட்டது.

அவருக்கு அந்தக் கம்பியில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும், பெரியப்பா. யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் நான் பத்து வயதுப் பிள்ளை. தண்ணீர்ப் பவுசர் லொறி வரும் இடத்தில் இதே போலத்தான் கம்பி இருந்தது. விடியப்புறமே கான்களைக் கயிற்றில் கோத்து இடம் பிடித்துவிட்டு, அப்பாவும் நானும் அந்தக் கம்பிக்குள் நிற்போம். அவர் தன் நிழலை என் மேல் விழுத்திக்கொண்டு நிற்பார். சூரியன் நகர நகர அவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகருவார். சில நாள் எங்கள் முறை வருமுன் பவுசர் முடிந்துவிடும். அப்போது அவர் கானை ஒரு தரம் கவிழ்த்துத் தட்டிவிட்டு நடப்பார். ஊருக்குத் திரும்பியபோது வீடு இல்லை, கூரை இல்லை, எதுவும் இல்லை. எல்லோரும் தறப்பாள் கூடாரம் கட்டத் தொடங்க, அப்பாவும் இன்னும் சிலரும் நல்லதண்ணியை இறைக்கத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து ஒரு சைக்கிள் வந்தது, ஒரு தையல் மிசின் வந்தது, யாருடையதோ பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று வந்தது. கலங்கல் அடங்க விட்டு, ஊறின தண்ணீரில் முதல் செம்பை எனக்குத்தான் தந்தார். "குடி. இனி ஒருத்தன்ர கம்பிக்குள்ளையும் நிக்கத் தேவையில்லை" என்றார். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அது சுண்ணாம்பு என்று பின்னர் ஆய்வுகூட அறிக்கையில் வாசித்தேன். வாசித்த பிறகும் ருசி மாறவில்லை.

நீங்கள் மட்டும் என்ன? யுத்தம் முடிந்து முதல் தரம் வந்தபோது கிணற்றடி மருதமரத்தைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள், ஒரு போத்தல் நல்லதண்ணி நிரப்பி, பயணப் பெட்டிக்குள் சாரத்தால் சுற்றிக் கொண்டுபோனீர்கள். அது இன்றைக்கும் உங்கள் பிரிஜ்ஜில் ஊறுகாய்க்குப் பின்னால் இருக்கிறது என்று பெரியம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறா. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நான் பிளான்ற் தண்ணீரைக் குடிக்கச் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்: "முதல்லை அண்ணையை அந்தப் போத்தலை ஊத்தச் சொல்லு. பிறகு நான் கனடாத் தண்ணி குடிக்கிறன்." நீங்கள் ஸ்பீக்கரில், "அடேய், அது குடிக்கிறதுக்கில்லை, பாக்கிறதுக்கு" என்றீர்கள். அவர், "அவர் தூரத்திலை இருக்கிறார், கண்ணாலை பாக்கிறார். நான் கிட்ட இருக்கிறன், குடிச்சுப் பாக்கிறன்" என்றார். இரண்டு கிழட்டு ஆம்பிளைகள் ஒரு போத்தலுக்காகப் பிடிக்கும் அடத்துக்கு நடுவில் ஒரு சிறுநீரகம் தேய்ந்துகொண்டு இருக்கிறதே என்று அம்மா அழுதா. மன்னித்துக்கொள்ளுங்கள், "கிழட்டு" என்பது அம்மாவின் சொல்.

சரி, உங்கள் கோபத்துக்குக் காரணமான அந்தத் தலைமுழுக்குக் கதைக்கு வருகிறேன். குடிக்காத தண்ணீரைச் சனம் என்ன செய்தது? முதலில் சிவலட்சுமி மாமி அதில் தலை முழுகினா. சவர்க்காரம் போட்டதும் நுரை காதை மூடி, தோளில் வழிந்து, நாய் ஓடிப்போய் வேலிக்குள் நின்று குரைக்கும் அளவுக்குப் பொங்கியதாம். "இவ்வளவு காலமும் சவுக்காரக் கொம்பனிக்காரன்தான் ஏமாத்திறான் எண்டு நினைச்சனான் பிள்ளை. ஏமாத்தினது எங்கட கிணறு" என்று என்னிடமே வந்து சொன்னா. அவவின் மகள் அந்த நுரையோடு அவவைப் படம் எடுத்து, "கனடாத் தண்ணிக்குக் கோடி நன்றிகள்" என்று பேஸ்புக்கில் போட்டாள். அவள் உண்மையிலேயே நன்றி சொல்லத்தான் போட்டாள், பெரியப்பா. அது ஒன்றியக் கூட்டத்தில் கைக்குக் கை மாறி, "நாங்கள் பனிக்குள்ளை கார் கழுவிச் சேர்த்தது இவையள் தலை கழுவவோ?" என்று ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார் என்று கேள்விப்பட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. தலை முழுகி மிஞ்சிய தண்ணீரில் மாமி பருப்புப் போட்டா. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு என்றால் விறகு ஒரு கட்டு எரிந்தாலும் கல்லு மாதிரி நின்று பல்லைப் பதம் பார்க்கும். அது அன்றைக்குப் பூப்போல மலர்ந்து கரைந்துவிட்டது. அதோடு ஊரில் உள்ள பெண்கள் எல்லோரும் பருப்புக்கென்று கான் தூக்கினார்கள். உழவு மிசின்காரர் பற்றரிக்கு ஊற்றக் கொண்டுபோனார்கள். பருப்புக்கு வைத்த தண்ணீரைப் பிள்ளைகள் அள்ளிக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கிணறும் நினைவில் இல்லை, பாவங்கள். ராக்காயி அக்காகூடக் கிளினிக்கில் கிட்னி நோயாளர் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொண்டு வந்த பிறகு வெயிலில் வைத்துவிட்டுக் குடிக்கிறா. தலையில் ஊற்றின தண்ணீர் வாய்க்கு இறங்கி வர இவ்வளவு நாள் எடுத்தது, அவ்வளவுதான்.

அப்பா மட்டும் இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் கான் குசினியில் இருக்கிறது. நானும் அம்மாவும் அதைத்தான் குடிக்கிறோம், பருப்பும் அதில்தான். அது ஏனோ சுருக்காக முடிந்துபோகிறது. அம்மா என் தலையை மணந்து பார்த்து, "உண்மையைச் சொல்லு, நீயும் தலை முழுகிறியோ?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா. அப்பா அந்தக் கானைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். தனக்கென்று ஒரு செம்பு நல்லதண்ணி தானே அள்ளி வருவார், யாரையும் தொட விட மாட்டார். சாப்பிட்டு முடிய, காற்றாடக் குடிக்க வேண்டும் என்று அந்தச் செம்போடு குசினி வாசலுக்குப் போவார். வெறும் செம்போடு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "ஆ! தண்ணியெண்டால் இது" என்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவேன்.

இந்த நிலையில்தான் ஆதம்பாவா மாமா ஒரு நாள் என்னைக் கடைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். அவரும் அப்பாவும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர். திரும்பி வந்து, தகப்பன் கடை வைத்திருந்த அதே காணியில் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறார். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், இதுக்குள்ளை பாருங்க."

பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு விரல் மொத்தத்துக்குப் படிந்திருந்தது.

"சுரண்டிச் சுரண்டி என்ர கையே தேஞ்சு போச்சு. இது கேத்திலிலை இப்பிடிப் பிடிச்சால், அவன்ர கிட்னியிலை எப்பிடிப் பிடிச்சிருக்கும்? புத்தளத்திலை இருந்த காலம் முழுக்க இந்தக் கிணத்துத் தண்ணியை நினைச்சு ஏங்கினவன் நான். அதை நானே கைவிட வேண்டி வந்திட்டுது."

"அப்பா குடிக்க மாட்டார் மாமா. எல்லாம் சொல்லிப் பாத்திட்டன்."

"அவன் தண்ணி குடிக்க மாட்டான். தேத்தண்ணி குடிப்பான். அது ரெண்டும் வேற. நீங்க வாயைத் திறக்காம இருங்க, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து பிளான்றைப் பார்க்கும் கிருபன் கடையின் பின்கதவால் கானை இறக்கிவிட்டுப் போவான். ஆதம்பாவா மாமா புதுக் கேத்தில் வாங்கிப் பழையதை முன்னுக்குத் தொங்கவிட்டார், சந்தேகம் வராமலிருக்க. அப்பா காலையும் மாலையும் அந்தக் கடைக் கதிரையில் போய் இருந்து பிளேன்ரீ மேல் பிளேன்ரீயாகக் குடிக்கிறார். டொக்டரிடம் கேட்டேன், சீனியைக் குறைத்தால் சரி என்றார். மாமா சீனியைக் குறைத்ததற்கு அப்பா இன்னும் விலைவாசியைத்தான் திட்டுகிறார். போன கிழமை நான் பேப்பர் வாங்கப் போனபோது கடையில் உங்கள் மிசினைத் தூக்குவது பற்றித்தான் விவாதம். அப்பா கிளாசை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கனடாத் தண்ணியிலை தேத்தண்ணி போட்டு ஒருக்கால் குடிச்சுப் பார், வாய்க்குள்ளை வைக்கேலாது. இதைப் பார், நல்லதண்ணித் தேத்தண்ணி! நிறத்தைப் பார்!" என்கிறார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் கிளாசை உறிஞ்சிக்கொண்டு, "ஓம், ஓம், கிணறு கிணறுதான்" என்கிறார்கள். ஆதம்பாவா மாமா கேத்திலுக்குப் பின்னால் குனிந்து கன நேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த நாள் கிளினிக். அப்பாவின் கிட்னிப் பழுதின் அளவு கூடவில்லை. போன தரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. டொக்டர் சந்தோசப்பட்டு, "தண்ணி மாத்திட்டீங்கள் போலை?" என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "நானோ? செத்தாலும் மாத்தன்" என்றார். நான் வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அது எந்த அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே பெரியப்பா, உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் மிசினைக் கழட்டினால் ஆதம்பாவா மாமாவின் கேத்தில் திரும்பவும் கிணற்றுக்குப் போகும், அப்பாவும் அதோடு போவார். ஸ்கந்தபுரத்துச் சனத்துக்கும் தண்ணீர் வேண்டும்தான், அவர்களுக்காக இன்னொரு தரம் கார் கழுவுங்கள். நாங்களும் இங்கே என்ன கழுவலாம் என்று பார்க்கிறோம். எங்களிடமிருந்து எதையாவது தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் வாசலில் இருக்கும் அந்த இரும்புக் கம்பியைத் தூக்குங்கள். சனம் நெரிபட்டாலும் பரவாயில்லை. நெரிபட்டுத் தண்ணீர் எடுப்பது கிணற்றடியில் எங்களுக்குப் பழக்கம். இதை ஒன்றியத்தில் வாசிக்க வேண்டாம், ஸ்பீக்கரில் அப்பாவிடம் மூச்சும் விட வேண்டாம். தான் குடிப்பது எது என்று தெரிந்தால் அந்த மனிதர் வீம்புக்குத் தேத்தண்ணியையும் விட்டுவிடுவார்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அண்ணாமாருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கடைசிக் குட்டி தமிழில் "தண்ணி" என்று சொல்லப் பழகிவிட்டாள் என்று கேட்டுச் சந்தோசப்பட்டோம். மருதமரம் நிற்கிறதா என்று நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பீர்கள். நிற்கிறது. தங்களின் ஆசி எங்கள் எல்லோருக்கும், விசேடமாக அப்பாவின் சிறுநீரகத்துக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பெறாமகள்,
யதுர்ஷிகா.

பிற்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடித உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து மேசைக்கு முன்னால் நின்றார். "அண்ணைக்கோ எழுதிறாய்? ஆதம்பாவாவின்ர பின்கதவுக் கதையையும் எழுதிப்போட்டியோ?" என்று கேட்டார். நான் கடிதத்தை மடித்து உறைக்குள் தள்ளினேன். அது பிளான்ற் தண்ணீர் என்று முதல் கிளாசிலேயே தெரியுமாம். கிணற்றுத் தண்ணீரில் போட்ட பிளேன்ரீக்கு மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை மிதக்கும், அது இல்லையாம். "அறுபது வருசம் குடிச்சவனுக்கு அது தெரியாதோ?" என்றார். பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ருசியில்லை எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோடை கான் தூக்கிறது? கடையிலை எண்டால் கதிரையிலை இருக்கலாம், கம்பியும் இல்லை." அப்போ ஒவ்வொரு நாளும் வாசலில் குடிக்கும் செம்புத் தண்ணீர்? தேசிமரத்தின் அடியைக் கையால் காட்டினார். "அது பேந்து எதாலை காய்ச்சது எண்டு நினைச்சனீ?" தாகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, குசினியில் அம்மாவின் பருப்புக் கான் ஏன் முடிகிறது என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. "ஆதம்பாவாட்டைச் சொல்லிப்போடாதை. கள்ளமாச் செய்யிறதிலை அவனுக்கு ஒரு சந்தோசம்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, உங்களுக்கு இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தப் போத்தலை ஊத்தச் சொன்னது பகிடிக்கு. ஊத்த வேண்டாம் எண்டு எழுது, வைச்சிருக்கட்டும். ஆனால் ஆசையிலை குடிச்சுக் கிடிச்சுப் போடாதேங்கோ எண்டும் எழுது. அவரிட்டையும் இருக்கிறது ரெண்டு கிட்னிதான்."